வானைப் பாராமல் திசை கண்டவர்

நான் போற்றும் அறிஞர் லியோன் ஃபூக்கோ 1819-இல் பாரிஸில் பிறந்தார். இரத்தத்தைக் காணப் பொறாது மருத்துவக் கல்வியைத் துறந்தார். 1851-இல் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டை ஊசலாடவிட்டு, வானைப் பாராமலே பூமி சுழல்வதைக் காட்டினார். மறு ஆண்டு, பூமி சுழன்றாலும் தன் அச்சின் திசை மாறாத சுழல்சக்கரத்தை அமைத்து, ‘ஜைராஸ்கோப்’ எனப் பெயரிட்டார். 1868-இல், 48 வயதில் மறைந்தார்.

சென்னைத் தேசியக் கடல்சார் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா ஊர்திகள் இறங்கும் ஆழ்கடலில் செயற்கைக்கோள் குறிகள் எட்டா. அங்கே திசை உணர்த்துவன அச்சக்கரத்தின் வழித்தோன்றல்களே. கடலில் இறக்குமுன், அவ்வுணர்கருவியை அசையாத மேடையில் வைத்து, பூமியின் சுழற்சியைச் சரியாகக் காட்டுகிறதா என்று சோதிப்பர். நம் நாமக்கல்லில் செங்குத்து அச்சில் அது மணிக்கு ஏறத்தாழ 3 பாகை. சிறு பிழையும் மணிக்கு மணி பெருகி ஊர்தியை வழிதவறச் செய்யும். அச்சோதனை ஒவ்வொன்றிலும் ஃபூக்கோ வாழ்வதாகவே நான் கருதுகிறேன்.