நிலவியல் அறிஞர் புரூஸ் ஃபூட்

திருவில்லிபுத்தூருக்கு வடக்கே, மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் வத்திராயிருப்பு என்னும் ஊர் அமைந்துள்ளது. மேற்கே வானளாவி நிற்கும் மலை; அதன் அடியில் நெல்வயல்களும் தென்னந்தோப்புகளும்; கிழக்கே செல்லச் செல்லப் பருத்தி விளையும் கரிசல் நிலம். ஓரிரு நாளில் நடந்து கடக்கக்கூடிய தொலைவிற்குள் நிலம் இவ்வாறு பலவகையாய் மாறுவதற்குக் காரணம் யாது? மலையின் பாறை எத்தகையது? ஓடையின் மணல் எங்கிருந்து வந்தது? மண்ணுக்கு அடியில் இரும்போ பொன்னோ சுண்ணாம்புக்கல்லோ உண்டா? இவ்வினாக்களுக்கு விடை காண முயல்வது நிலவியல் என்னும் அறிவுத்துறை. தென்னாட்டில் அத்துறைக்கு அடித்தளம் இட்ட பெருமக்களுள் ஒருவர் இராபர்ட் புரூஸ் ஃபூட் ஆவார்.

ஃபூட் 1834ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 22ஆம் நாள் இங்கிலாந்தில் செல்ட்னம் என்னும் நகரில் பிறந்தார். அக்காலத்தில் இந்தியாவில் புகைவண்டிப் பாதைகள் போடப்பட்டு வந்தன. அவற்றிற்கு நிலக்கரி வேண்டியிருந்தது. நிலக்கரியும் பிற கனிமங்களும் எங்கெங்கு உள்ளன என்று கண்டறியும்பொருட்டு, 1851ஆம் ஆண்டில் இந்திய நிலவியல் ஆய்வுத் துறை நிறுவப்பட்டது. 1858ஆம் ஆண்டின் இறுதியில், தம் இருபத்து நான்காம் அகவையில், ஃபூட் அத்துறையிற் பணியேற்றார். சென்னை மாகாணம் அவருக்குரிய களமாயிற்று.

அந்நாளில் நிலவியலாரின் வாழ்க்கை எளிதானதன்று. மழை ஓய்ந்ததும் கூடாரத்துடன் புறப்படுவர்; குதிரையிலும் மாட்டு வண்டியிலும் செல்வர்; வண்டி செல்லாத இடங்களில் கால்நடையாகவே ஏறி இறங்குவர். கையில் ஒரு சுத்தியல், ஒரு திசைகாட்டி, ஒரு குறிப்பேடு, ஒரு நிலப்படம் ஆகியவையே அவர்தம் கருவிகள். பாறையை உடைத்து அதன் உட்புறத்தை நோக்குவர். அது எத்திசையில் சாய்ந்துள்ளது என அளப்பர். நிலப்படத்தில் வண்ணம் தீட்டிக் குறிப்பர். இவ்வாறு முப்பத்து மூன்று ஆண்டுகள் ஃபூட் தென்னாட்டின் பாறைகளைப் பயின்றார்.

1862ஆம் ஆண்டில் அவர் பீட்டர் பெர்சிவல் என்னும் பாதிரியாரின் மகளை மணந்தார். பெர்சிவல் யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலரின் துணையோடு விவிலியத்தைத் தமிழாக்கியவர்; தமிழ்ப் பழமொழிகளைத் தொகுத்து வெளியிட்டவர். இத்தகைய தமிழறிஞரின் குடும்பத்தோடு ஏற்பட்ட உறவால், ஃபூட்டுக்கு இந்நாட்டுடன் இருந்த பிணைப்பு மேலும் வலுப்பெற்றது.

மறு ஆண்டு அவர் வாழ்வில் புகழ்மிக்க ஆண்டாயிற்று. 1863ஆம் ஆண்டு மே 30ஆம் நாள், சென்னைக்கு அருகிலுள்ள பல்லாவரத்தில், சரளைக்கல் எடுக்கப்பட்ட ஒரு குழியில் அவர் ஒரு கல்லைக் கண்டார். பிறர் கண்ணுக்கு அது வெறுங்கல். ஃபூட்டோ, அதன் விளிம்புகள் தற்செயலாக உடைந்தவை அல்ல என்றும், மனிதன் கைக்கொண்டு செதுக்கியவை என்றும் உணர்ந்தார். அது பழங்கற்கால மனிதனின் கைக்கோடரி. அதே ஆண்டு செப்டம்பரில், அவரும் அவர்தம் தோழர் வில்லியம் கிங்கும் கொற்றலையாற்றுப் பள்ளத்தாக்கிலுள்ள அத்திரம்பாக்கத்தில் இத்தகைய கருவிகள் பலவற்றைக் கண்டெடுத்தனர். கருவிகள் எந்த மண்ணடுக்கில் கிடைத்தன என்பதை ஃபூட் கவனமாகக் குறித்து, 1866ஆம் ஆண்டில் கட்டுரையாக வெளியிட்டார். அத்திரம்பாக்கத்துக் கருவிகளின் தொன்மை ஏறத்தாழ பதினைந்து இலட்சம் ஆண்டுகள் என 2011ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு கூறியது. தகுந்த கல்லைத் தேர்ந்தெடுத்து, அதனை உடைத்துப் பயன்கொண்ட அம்மனிதனே கனிமத்தொழிலின் மூதாதை எனலாம்.

ஃபூட்டும் கிங்கும் சேலம், திருச்சிராப்பள்ளி முதலிய மாவட்டங்களை ஆராய்ந்து எழுதிய நூல் 1864ஆம் ஆண்டில் வெளிவந்தது. சேலத்துக் கஞ்சமலை இரும்புக் கல்லுக்குப் பெயர் பெற்றது. அக்கல்லை மரக்கரியுடன் சேர்த்துச் சிறு உலைகளில் உருக்கும் தொழில் அப்பகுதியில் நெடுங்காலமாக நடைபெற்று வந்தது. ஹீத் என்னும் ஆங்கிலேயர் 1830ஆம் ஆண்டளவில் பரங்கிப்பேட்டையில் பெரிய உலைகளை அமைத்து, அவ்விரும்புக் கல்லை உருக்க முற்பட்டார். ஆயினும் அத்தொழில் நிலைக்கவில்லை. மலையளவு கனிமம் இருப்பினும், அதனை உருக்க எரிபொருளும், கொண்டு செல்லப் போக்குவரத்து வசதியும் இல்லையேல் தொழில் செழிக்காது என்பதற்கு அது சான்றாயிற்று.

கனிமத்தின் இயல்பறியாது இறங்குவோர் அடையும் கேடு இதனினும் பெரிது. 1879 முதல் 1881 வரை நீலகிரியை அடுத்த வயநாட்டுப் பகுதியில் பொன் கிடைக்கும் என்னும் செய்தி இலண்டன் மாநகரில் பரவியது. பல குழுமங்கள் தோன்றின. மக்கள் தம் செல்வத்தை அவற்றிற் கொட்டினர். காப்பித் தோட்டங்கள் பெருவிலைக்கு வாங்கப்பட்டன. பொறிகள் மலைமேல் ஏற்றப்பட்டன. ஆனால் பாறையிலிருந்த பொன்னோ மிகச் சிறிது. சில ஆண்டுகளுக்குள் அக்குழுமங்கள் பெரும்பாலும் அழிந்தன. பொறிகள் காட்டில் துருவேறிக் கிடந்தன.

பேராசை தோற்ற இத்துறையில் பொறுமை வென்றது. ஃபூட் மைசூர்ச் சீமைக்குச் சென்று, கோலார் முதலிய பொன்வயல்களைச் சுற்றி ஆராய்ந்து 1882ஆம் ஆண்டில் எழுதினார். பின்னர்ப் பல்லாரி, அனந்தப்பூர், தார்வார்ப் பகுதிகளையும் பார்த்தார். தென்னாட்டின் பெரும்பகுதி பழமையான வரிப்பாறையால் ஆனது. அதனிடையே கருநிறப் படலப்பாறைகள் நீண்ட பட்டைகளாக மடிந்து கிடக்கின்றன. பொன் தாங்கிய வெண்கல் நரம்புகள் பெரும்பாலும் இப்பட்டைகளிலேயே ஓடுகின்றன. ஃபூட் இப்பாறைத் தொகுதியைப் பிரித்தறிந்து, அதற்குத் தார்வார்த் தொகுதி எனப் பெயரிட்டார். இனிப் பொன் தேடுவோர் நாடெங்கும் அலைய வேண்டுவதில்லை. இப்பட்டைகளை நாடினாற் போதும். இன்றும் கருநாடகத்தில் பொன் எடுக்கும் ஹட்டிச் சுரங்கம் இத்தகைய பட்டையிலேயே உள்ளது.

அப்பகுதிகளில் முன்னோர் தோண்டிக் கைவிட்ட பழஞ்சுரங்கங்கள் பல இருந்தன. பாறையைத் தீயிட்டுச் சூடேற்றிப் பிளந்து, பல நூறு அடி ஆழம் வரை அவர்கள் பொன்னைத் தொடர்ந்து சென்றிருந்தனர். நூலறிவு பெறாத அம்மக்கள் அனுபவத்தால் கண்டதையே புதிய அறிவியல் வகுத்துக் கூறியது எனலாம்.

கோலார்ச் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம் சென்றது. 2001ஆம் ஆண்டில் மூடப்படும் வரை ஏறத்தாழ 800 டன் பொன்னை அது தந்தது. வட ஆர்க்காடு, சேலம் மாவட்டங்களிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் பல்லாயிரவர் அங்கே உழைத்தனர். பாறை வெடித்துச் சரிந்து உயிர் நீத்தோரும் பலர். நெடுங்காலம் ஊதியம் அவர்க்குச் சிறிதாகவும், ஆதாயம் அயல்நாட்டுக் குழுமங்களுக்குப் பெரிதாகவும் இருந்தன. நிலத்தின் செல்வத்தைக் கண்டறிவது அறிவு. அதனை நேர்மையாகப் பங்கிடுவது அறம். முன்னது இருந்தும் பின்னது குறைந்த காலம் அது.

மதுரை, திருநெல்வேலி மாவட்டங்களைப் பற்றி ஃபூட் எழுதிய நூல் 1883ஆம் ஆண்டில் வெளிவந்தது. வத்திராயிருப்பும் திருவில்லிபுத்தூரும் அந்நாளில் திருநெல்வேலி மாவட்டத்தைச் சேர்ந்தவை. மலையின் வரிப்பாறை, சமவெளியின் கரிசல், கடற்கரையை அடுத்த செம்மணல் தேரிகள் என இத்தென்பாண்டி நிலம் முதன்முறையாக நிலவியல் முறையில் விரிவாக வகுத்துரைக்கப்பட்டது. இந்நிலத்திலும் கனிமத்தொழில் பிற்காலத்தில் வளர்ந்தது. 1960களின் தொடக்கத்தில் விருதுநகருக்கு அருகே இராமசாமிராஜா நகரில் சிமெண்டு ஆலை எழுந்தது. பண்டல்குடிப் பகுதியின் சுண்ணாம்புக்கல் அதற்கு மூலப்பொருளாயிற்று.

1891ஆம் ஆண்டில் ஃபூட் அரசுப் பணியினின்று ஓய்வு பெற்றார். உழைப்பினின்று ஓய்வு பெற்றாரல்லர். பரோடா நாட்டின் நிலத்தை ஆராய்ந்தார். 1894ஆம் ஆண்டில் மைசூர் அரசு நிலவியல் துறையைத் தொடங்கியபோது, அதனை உருவாக்க உதவினார். பல்லாரி மாவட்டத்தைப் பற்றிய அவரது நூல் 1895ஆம் ஆண்டில் வெளியாயிற்று. சந்தூர் மலைகளின் இரும்புக்கல் வளம் அதில் எடுத்துரைக்கப்பட்டது.

பின்னர் அவர் ஏற்காட்டில் குடியமர்ந்தார். வாழ்நாளெல்லாம் திரட்டிய கற்கருவிகளையும் பானை ஓடுகளையும் இரும்புக்கால எச்சங்களையும் அங்கே வரிசைப்படுத்தி, அவை கிடைத்த இடத்தையும் அடுக்கையும் எழுதினார். 1904ஆம் ஆண்டில் அத்தொகுப்பு சென்னை அருங்காட்சியகத்தைச் சேர்ந்தது. கல்லிலிருந்து இரும்புக்கு மனிதன் முன்னேறிய கதையைத் தென்னாட்டுச் சான்றுகளைக்கொண்டு அறிய அது வழி காட்டியது. அவ்வாராய்ச்சி இன்றும் தொடர்கிறது. சிவகளையில் கிடைத்த இரும்பின் தொன்மை 5,300 ஆண்டுகளுக்கு மேற்பட்டதென 2025ஆம் ஆண்டில் தமிழ்நாடு அரசு அறிவித்தது.

1912ஆம் ஆண்டு டிசம்பர் 29ஆம் நாள் ஃபூட் கல்கத்தாவில் மறைந்தார். அவர் தொகுத்த விவரப் பட்டியல் அவர் மறைவுக்குப் பின்னரே அச்சேறியது.

ஃபூட் தமக்கெனச் சுரங்கம் வெட்டினாரல்லர், பொன் திரட்டினாரல்லர். காலடியில் கிடக்கும் கல்லையும் அற்பமென எண்ணாது குனிந்து எடுத்து நோக்கினார். நோக்கியதை உள்ளவாறே எழுதினார். சுரங்கங்கள் வற்றலாம், உலைகள் தணியலாம். உண்மையைத் தேடி உழைத்தவர் விட்டுச்சென்ற அறிவோ எடுக்க எடுக்கக் குறைவதில்லை.