கண்ணுக்குச் சரி போதாது: அறிஞர் அபுல் வஃபா

ஹிஜ்ரி 328 ரமலான் பிறை ஒன்றில் (கி.பி. 940) குராசானின் பூஸ்ஜானில் பிறந்தவர் அபுல் வஃபா. 959-இல் பக்தாத் சென்றார். எழுத்தர்களுக்கும் வணிகர்களுக்கும் கணக்கு நூல் எழுதினார். கைவினைஞர்களுக்கு வடிவியல் நூல் எழுதினார்.

மூன்று சம சதுரங்களை வெட்டி ஒரே சதுரமாக்கக் கைவினைஞர்கள் சில வழிகளைக் கையாண்டனர். கண்ணுக்குச் சரியாகத் தெரிந்த அவற்றின் பிழையைக் காட்டினார். இரண்டை மூலைவிட்டத்தில் வெட்டி, நான்கு துண்டுகளையும் மூன்றாவதைச் சுற்றி வைக்கச் சொன்னார். வெளியே நீளும் முனைகளை நறுக்கினால் இடைவெளிகள் நிரம்பும். இரு கோணங்களின் கூட்டலுக்கான சைன் விதியையும் வடிவம் வரைந்தே நிறுவினார். 998-இல் பக்தாதில் வஃபாத்தானார்.

பாலிடெக்னிக்கில் அந்த விதியை மனப்பாடம் செய்தே தேறினோம்; இவர் பெயரை அறியவில்லை. நம் பிள்ளைகளுக்காவது வரைந்து காட்டுவோம்.