டிரான்சிஸ்டரே இல்லாத 1898-ல் ரிமோட் படகு... டிகிரி முடிக்காத நிகோலா டெஸ்லா அதை எப்படிக் கற்றுக்கொண்டார்?

இன்ஜினியரிங் காலேஜில் ரோபோட்டிக்ஸ் கிளப்பில் சேர்ந்தால், முதலில் செய்யச் சொல்வது பெரும்பாலும் ஒரு ரிமோட் கார்தான். ஒரு ஆர்டுயினோ போர்டு, ஒரு மோட்டார் டிரைவர், ரெண்டு மோட்டார், ஒரு புளூடூத் மாட்யூல். போனில் பட்டனை அழுத்தினால் கார் திரும்ப வேண்டும். அவ்வளவுதான்.

ஆனால் இதே வேலையை, மைக்ரோ கன்ட்ரோலர் இல்லாமல், டிரான்சிஸ்டர் இல்லாமல், 'ரோபோ' என்ற வார்த்தையே பிறக்காத காலத்தில் ஒருவர் செய்து காட்டினார். வருஷம் 1898. ஊர் நியூயார்க். ஆள், நிகோலா டெஸ்லா.

இன்றைக்கு டெஸ்லா என்றால் பலருக்கும் எலக்ட்ரிக் கார்தான் ஞாபகத்துக்கு வரும். அந்தப் பெயரின் சொந்தக்காரர் ஒரு மாணவராக என்ன கற்றார், எங்கே தடுக்கி விழுந்தார், அந்தப் படகை எப்படிச் செய்தார்? வாங்க, பார்க்கலாம்.

அப்பாவுக்கு பாதிரியார், மகனுக்கு இன்ஜினியர்

டெஸ்லா பிறந்தது 1856 ஜூலை 10. ஊர் ஸ்மிலியான். அப்போது ஆஸ்திரியப் பேரரசில் இருந்த அந்தக் கிராமம், இப்போது குரோஷியாவில் இருக்கிறது. அப்பா மிலுட்டின், செர்பிய ஆர்த்தடாக்ஸ் திருச்சபையின் பாதிரியார். மகனும் அதே வழியில் வர வேண்டும் என்பது அவர் ஆசை. அம்மாவுக்குப் பள்ளிப் படிப்பு இல்லை. ஆனால் வீட்டுக்குத் தேவையான சின்னச் சின்னக் கருவிகளைத் தானே செய்துகொள்வார். தன் கைவேலைத் திறமை அம்மாவிடமிருந்து வந்தது என்றுதான் டெஸ்லா கடைசி வரை நம்பினார்.

பள்ளிப் படிப்பை முடித்த சமயத்தில் டெஸ்லாவுக்குக் காலரா வந்தது. மாதக்கணக்கில் படுக்கை. பிழைப்பாரா என்றே தெரியாத நிலை. அந்த நேரத்தில்தான், இன்ஜினியரிங் படிக்க விட்டால் பிழைத்துக்கொள்வேன் என்று அப்பாவிடம் கேட்டிருக்கிறார். பயந்துபோன அப்பா ஒத்துக்கொண்டார். உடம்பும் தேறியது.

1875-ல் ஆஸ்திரியாவின் கிராட்ஸ் நகர பாலிடெக்னிக்கில், உதவித்தொகையோடு சேர்ந்தார். முதல் வருஷம் வெறித்தனமான படிப்பு. அதிகாலை 3 மணிக்கு எழுந்து இரவு 11 மணி வரை படித்ததாக அவரே தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்கும் லீவு கிடையாது. பரீட்சைகளில் பிரமாதமாகத் தேறி, அந்த ரிசல்ட்டோடு ஊருக்குப் போனார்.

அப்பா பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. டெஸ்லாவுக்கு மனசு விட்டுப்போச்சு. காரணம், அப்பா இறந்த பிறகுதான் தெரிந்தது. இப்படியே படித்தால் பையன் உயிருக்கே ஆபத்து, கூட்டிக்கொண்டு போய்விடுங்கள் என்று பேராசிரியர்கள் அப்பாவுக்குக் கடிதம் எழுதியிருந்தார்கள். அந்தக் கடிதங்கள் அப்பாவின் பெட்டியில் கிடந்தன.

ஒரு தீப்பொறி, ஒரு கேள்வி

இரண்டாவது வருஷம்தான் முக்கியமான அந்தச் சம்பவம் நடந்தது. பாரிஸிலிருந்து கிராம் டைனமோ என்ற இயந்திரம் கல்லூரிக்கு வந்தது. ஜெனரேட்டராகவும் ஓடும், மோட்டாராகவும் ஓடும். இயற்பியல் பேராசிரியர் ஜேக்கப் பெஷல் அதை வகுப்பில் ஓட்டிக் காட்டினார். ஓடும்போது பிரஷ் இருந்த இடத்தில் படபடவென்று தீப்பொறி பறந்தது.

இதைக் கொஞ்சம் புரிந்துகொள்வோம். டிசி மோட்டாரில் சுழலும் பகுதி ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் கரன்ட்டின் திசையை மாற்றிக்கொண்டே இருக்க வேண்டும். இல்லையென்றால் பாதியிலேயே நின்றுவிடும். அந்த மாற்றத்தைச் செய்வது கம்யூட்டேட்டர் என்ற வளையம். அதன்மேல் பிரஷ்கள் உரசிக்கொண்டே இருக்கும். உரசும் இடத்தில் தொடர்பு விட்டு விட்டுச் சேரும்போது தீப்பொறி வரும்.

கம்யூட்டேட்டரே இல்லாமல் மோட்டாரை ஓட்ட முடியாதா என்று டெஸ்லா கேட்டார். பேராசிரியர் ஒரு வகுப்பு முழுக்க எடுத்துக்கொண்டு, அது ஏன் நடக்காது என்று விளக்கினார். நிரந்தரமாக இயங்கும் இயந்திரம் செய்கிறேன் என்று சொல்வதைப் போன்றது அது என்று முடித்துவிட்டார்.

பேராசிரியரே நடக்காது என்கிறார். மாணவர் என்ன செய்வார்? டெஸ்லா வாயை மூடிக்கொண்டார். ஆனால் கேள்வியை விடவில்லை.

இன்றைக்கு ரோபோ கார் செய்யும் மாணவர்கள் இதே தீப்பொறியை வேறு ரூபத்தில் சந்திக்கிறார்கள். மோட்டாரை ஆன் செய்ததும் போர்டு தானாக ரீசெட் ஆகும். சென்சார் கண்டபடி ரீடிங் காட்டும். புரோகிராமில்தான் தப்பு என்று நினைத்து ராத்திரி முழுக்கக் கோடைத் தேடிக்கொண்டிருப்பார்கள். பல நேரம் உண்மையான காரணம், பிரஷ் தீப்பொறி கிளப்பிவிடும் மின் இரைச்சல். மோட்டாரின் இரண்டு முனைகளுக்கு நடுவே 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெப்பாசிட்டர் ஒன்றைச் சோல்டர் செய்தாலே பாதிப் பிரச்சினை அடங்கும்.

படிப்பு நின்றது

டெஸ்லாவின் கதையில் பலர் சொல்லாமல் விடும் பகுதி ஒன்று உண்டு. மூன்றாவது வருஷம் அவர் சீட்டாட்டத்தில் விழுந்தார். பணம் போனது, படிப்பும் போனது. 1878 கடைசியில் கிராட்ஸை விட்டே கிளம்பினார். டிகிரி வாங்கவில்லை. 1879-ல் அப்பா இறந்தார். பிறகு பிராக் நகரில் கொஞ்ச காலம் வகுப்புகளைக் கேட்டார். முறையான மாணவராக அல்ல.

டிகிரி இல்லாமலேயே ஜெயித்தார் பாருங்க என்று இதை வைத்து வாட்ஸ்அப்பில் மெசேஜ் போடுவது ஈஸி. ஆனால் முதல் வருஷம் முழுக்க உட்கார்ந்து படித்த கணக்கும் இயற்பியலும் இல்லையென்றால், அந்தத் தீப்பொறியைப் பார்த்து அப்படிக் கேட்கவே தோன்றியிருக்காது. படிப்பை விட்டதற்கான விலையையும் அவர் கட்டினார். அது பின்னால் வரும்.

பூங்காவில் கிடைத்த விடை

1881-ல் புடாபெஸ்ட் நகரில் டெலிபோன் வேலை. 1882-ல் ஒரு நாள், நண்பர் ஒருவரோடு பூங்காவில் நடந்துகொண்டிருந்தபோது விடை பளிச்சென்று தோன்றியிருக்கிறது. குச்சியை எடுத்து மண்ணில் படம் வரைந்து காட்டினார்.

விஷயம் இதுதான். ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்பின்னாக வரும் இரண்டு ஏசி கரன்ட்டைத் தனித்தனிக் காயில்களுக்குக் கொடுத்தால், காந்தப்புலமே சுற்ற ஆரம்பிக்கும். உள்ளே இருக்கும் ரோட்டார் அந்தப் புலத்தின் பின்னாலேயே ஓடும். கம்யூட்டேட்டர் வேண்டாம், பிரஷ் வேண்டாம், தீப்பொறியும் கிடையாது. 1883-ல் ஸ்டிராஸ்பர்க் நகரில் வேலை பார்த்தபோது முதல் மாதிரியைச் செய்து ஓட்டியும் பார்த்தார்.

1884-ல் அமெரிக்கா. எடிசன் கம்பெனியில் சில மாதங்கள் வேலை. பிறகு சொந்தமாக ஒரு கம்பெனி. அதில் பணம் போட்டவர்கள் கடைசியில் அவரையே கழற்றிவிட்டார்கள். 1886 வாக்கில் நியூயார்க்கில் கூலிக்குக் குழி வெட்டினார் டெஸ்லா. கையில் டிகிரி சர்ட்டிபிகேட் இல்லை, பணம் இல்லை, ஊரில் தெரிந்த ஆளும் இல்லை.

1887-ல் புதிய கம்பெனி. 1888 மே மாதம் அமெரிக்க மின் பொறியாளர்கள் சங்கத்தில் தன் மோட்டாரைப் பற்றி உரை. அதே வருஷம் ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ் அவருடைய காப்புரிமைகளுக்கு உரிமம் வாங்கினார். 1896-ல் நயாகரா நீர்வீழ்ச்சியிலிருந்து பஃபலோ நகருக்கு ஏசி மின்சாரம் போனது. நம்ம ஊர் கிணற்று மோட்டாரில் ஓடுவதும் அதே சுழலும் காந்தப்புலம்தான்.

படகுக்குள் என்ன இருந்தது?

இதோடு நின்றிருந்தாலே பெரிய பெயர்தான். ஆனால் டெஸ்லாவுக்கு இன்னொரு யோசனை இருந்தது. தன்னையே கவனித்துப் பார்த்தார். கண்ணில் ஏதோ படுகிறது, மனசில் எண்ணம் வருகிறது, கை கால் அசைகிறது. அப்படியானால் மனிதனே வெளியிலிருந்து வரும் தூண்டுதலுக்கு அசையும் இயந்திரம்தானே, அதே மாதிரி ஒன்றைச் செய்ய முடியாதா என்று நினைத்தார்.

எம்பெடட் சிஸ்டம் பாடத்தில் முதல் நாள் போர்டில் வரையும் மூன்று கட்டங்கள் ஞாபகம் இருக்கா? இன்புட், பிராசஸிங், அவுட்புட். டெஸ்லா யோசித்தது கிட்டத்தட்ட அதேதான்.

1895-ல் அவருடைய ஆய்வுக்கூடம் தீப்பிடித்து முழுசாக எரிந்துபோனது. மறுபடியும் முதலிலிருந்து ஆரம்பித்தார். 1898-ல் அந்தச் சின்னப் படகு தயாரானது.

உள்ளே இருந்தவை இவைதான்:

• காதுக்குப் பதில் கோஹெரர். உலோகத் துகள்கள் நிரப்பிய ஒரு சின்னக் குழாய். ரேடியோ அலை பட்டதும் துகள்கள் ஒட்டிக்கொண்டு கரன்ட்டை விடும். ஆனால் தானாகப் பிரியாது. அதனால் ஒவ்வொரு சிக்னலுக்குப் பிறகும் குழாயைப் புரட்டிவிட ஓர் அமைப்பு வைத்தார். இன்டரப்ட் வந்த பிறகு ஃபிளாகை கிளியர் செய்ய மறந்தால் என்ன ஆகும் என்று இப்போதைய மாணவர்களுக்குத் தெரியும். இதுவும் அதே கதைதான்.

• மூளைக்குப் பதில் ஒரு சுழலும் தட்டு. ஒவ்வொரு சிக்னலுக்கும் அது ஒரு படி நகரும். எந்தப் படியில் நிற்கிறதோ, அதைப் பொறுத்துச் சுக்கான் ஒரு பக்கம் திரும்பும், நிற்கும், மறுபக்கம் திரும்பும். சிக்னல் ஒரே மாதிரிதான், ஆனால் முந்தைய நிலையைப் பொறுத்துச் செயல் மாறும். இப்போது இதை ஸ்டேட் மெஷின் என்று ஒரு யூனிட்டாகவே நடத்துகிறார்கள்.

• கை காலுக்குப் பதில் மோட்டார்கள். தண்ணீரைத் தள்ள ஒன்று, சுக்கானைத் திருப்ப ஒன்று. நடுவில் ரிலேக்கள், அடியில் பேட்டரி.

இவற்றோடு மேலே விளக்குகளும் இருந்தன.

பார்த்தவர்கள் ஆடிப்போனார்கள். வயர் இல்லை, உள்ளே ஆளும் இல்லை. கேள்வி கேட்டால் படகு சைகையில் பதில் சொன்னது. மாயாஜாலம் என்றே பலர் நினைத்தார்கள். உண்மையில் கன்ட்ரோலைக் கையில் வைத்துக்கொண்டு பதில் சொன்னது டெஸ்லாதான். அதைப் பிறகு அவரே எழுதிவிட்டார். 1898 நவம்பர் 8-ல் காப்புரிமை கிடைத்தது. எண் 613,809.

யார் வேண்டுமானாலும் ஹேக் செய்யலாமே?

இன்னொரு சந்தேகமும் அவருக்கு வந்தது. வேறு யாராவது சிக்னல் அனுப்பினால்? அதற்கு 1903-ல் பெற்ற காப்புரிமைகளில் விடை இருக்கிறது. இரண்டு வேறு வேறு அலைவரிசைகள் சேர்ந்து வந்தால் மட்டுமே ரிசீவர் வேலை செய்யும். ஒன்று மட்டும் வந்தால் அசையாது. டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் படித்தவர்கள் உடனே சொல்லிவிடுவார்கள், இது அண்ட் கேட். முதல் டிரான்சிஸ்டர் வந்தது 1947-ல். டெஸ்லா இந்தத் தர்க்கத்தை ரிலேயை வைத்தே செய்துவிட்டார்.

1900-ல் ஒரு பத்திரிகைக் கட்டுரையில் இன்னும் ஒரு படி மேலே போனார். இப்போது இந்த இயந்திரம் கடன் வாங்கிய மூளையில் ஓடுகிறது, ஒரு நாள் தனக்கென்று ஒரு மனசோடு ஓடும் என்பது அவர் வாதம். 'ரோபோ' என்ற சொல்லை செக் எழுத்தாளர் காரல் சாபெக் நாடகத்தில் கொண்டுவந்தது அதற்கு 20 வருஷம் கழித்து.

யாரும் வாங்கவில்லை

படகு விற்றதா? இல்லை. காப்புரிமை கிடைத்த பிறகு வாஷிங்டனில் ஓர் அதிகாரியிடம் போய்ச் சொன்னபோது, அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டதாக டெஸ்லா எழுதியிருக்கிறார்.

பணக்காரர் ஜே.பி. மார்கனின் பணத்தில் 1901-ல் தொடங்கிய வார்டன்கிளிஃப் கோபுரமும் பாதியில் நின்றது. 1917-ல் இடித்தே தள்ளிவிட்டார்கள். கடைசி வருஷங்கள் ஹோட்டல் அறைகளில், கடனோடு, புறாக்களுக்குத் தீனி போட்டுக்கொண்டு கழிந்தன. 1943 ஜனவரி 7-ல் நியூயார்க்கர் ஹோட்டலில் 86 வயதில் தனியாக இறந்தார்.

யோசனை சரியாக இருந்தாலும், அதை விற்க, பராமரிக்க, கூட நின்று உழைக்க ஒரு டீம் வேண்டும். டெஸ்லாவிடம் இல்லாமல் போனது அதுதான். காலேஜ் பிராஜெக்ட்டில் நாலு பேரைச் சேர்த்துப் போடுவது மார்க் போடும் வசதிக்காக மட்டும் இல்லை.

இப்போ எங்கே இருக்கு டெஸ்லாவின் கேள்வி?

ட்ரோனைக் கையில் எடுத்துப் பாருங்கள். அதில் பெரும்பாலும் இருப்பது பிரஷ்லெஸ் மோட்டார். தீப்பொறி கிடையாது, கம்யூட்டேட்டர் கிடையாது. எந்தக் காயிலுக்கு எப்போது கரன்ட் என்று ஒரு மைக்ரோ கன்ட்ரோலர் முடிவு செய்து காந்தப்புலத்தைச் சுற்ற வைக்கிறது. கிராட்ஸ் வகுப்பறையில் நடக்காது என்று சொன்ன விஷயம் இப்போது ஆன்லைனில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது.

இந்த வகை மோட்டார்கள் பலவற்றுக்குள் ரோட்டார் எங்கே நிற்கிறது என்று கண்டுபிடிக்க ஹால் சென்சார் இருக்கும். அது அளப்பது காந்தப்புலத்தை. அந்தச் சென்சாரின் டேட்டாஷீட்டைத் திறந்தால் அளவுக்குப் பக்கத்தில் மில்லி டெஸ்லா என்று போட்டிருக்கும். 1960-ல் உலக அளவியல் மாநாடு அந்த அலகுக்கு வைத்த பெயர் அது. பரீட்சை முடிக்காமல் போன மாணவரின் பெயரை, இப்போது பரீட்சைத் தாளில் அலகாக எழுதாவிட்டால் மார்க் குறையும்.