இராமனும் ஒளித்துகளின் சுழற்சியும்

காவிரிக்கும் கொள்ளிடத்திற்கும் இடைப்பட்ட திருவானைக்காவில், பாட்டனார் இல்லத்தில், 1888ஆம் ஆண்டு நவம்பர் 7ஆம் நாள் சந்திரசேகர வேங்கட இராமன் பிறந்தார். அவர்தம் தந்தைவழி முன்னோர் தஞ்சைத் தரணியில் நிலம் உழுது வாழ்ந்தவர். ஆற்றுப் பாய்ச்சலை நம்பியிருந்த அக்குடியிலிருந்து தந்தையார் வெளியேறிக் கல்லூரி ஆசிரியரானார்.

இராமன் 1907இல் அரசின் நிதித்துறையில் உயர்பதவி ஏற்றார். அலுவலக நேரம் போக எஞ்சிய பொழுதெல்லாம் ஆய்வுக்கூடத்திலேயே கழிந்தது. 1917இல் அப்பதவியைத் துறந்து, மிகக் குறைந்த ஊதியத்திற்குக் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியரானார். 1928இல் கே. எஸ். கிருஷ்ணனுடன் கண்ட ஒளிச்சிதறல் விளைவும், 1930இல் பெற்ற நோபெல் பரிசும் யாவரும் அறிந்தவை. அதற்கு மறுஆண்டு அவர் எழுப்பிய வினாவைச் சிலரே அறிவர்.

எலெக்ட்ரான் இயல்பாகவே சுழற்சி உடையது என்று 1925இல் லைடன் நகரத்து இளைஞர்களாகிய ஊலன்பெக்கும் கௌட்ஸ்மிட்டும் கூறினர். பம்பரம் போல என்பது உவமை மட்டுமே. இச்சுழற்சியின் வலிமை கனத்த அணுக்களில் நன்கு விளங்கும். இராமன் தம் ஆய்வில் பயன்படுத்திய பாதரச ஆவி விளக்கினுள் எலெக்ட்ரான்கள் அணுக்களை மோதிக் கிளர்ச்சியுறச் செய்கின்றன. அக்கிளர்ச்சி தணியும்போது ஒளி பிறக்கின்றது. இலேசான அணுவில் எலெக்ட்ரானின் சுழற்சி பெரும்பாலும் தனித்து நிற்கும். பாதரசத்திலோ அணுக்கருவின் மிகுந்த மின்னூட்டத்தால், சுழற்சி அதன் சுற்றோட்டத்தோடு இறுகப் பிணைகின்றது. கிளர்ச்சியின் போக்கும் அதனால் மாறுகின்றது.

எலெக்ட்ரானுக்குச் சுழற்சி உண்டெனின், ஒளித்துகளுக்கும் உண்டா? இதுவே இராமனின் வினா. ஒளித்துகள் வாயு மூலக்கூற்றின்மேல் மோதும்போது அதனைச் சுழலச் செய்யக்கூடும். அங்ஙனமாயின் அக்கொடுக்கல் வாங்கலின் சுவடு சிதறிய ஒளியில் பதிந்திருத்தல் வேண்டும். ஒளியின் அதிர்வுத்தளம் சிதறலில் எவ்வளவு மாறுகின்றது என்பதை இராமனும் அவர் மாணவர் சூரி பகவந்தமும் 1931இல் நுட்பமாக அளந்தனர். ஒளியோ மிக மங்கல். அளவில் சிறு பிழை நேரினும் முடிவு முழுதும் சரிந்துவிடும். பெரும்பரிசு பெற்றவர் தவறினால் உலகம் எளிதில் மறவாது. ஆயினும் அவர் தயங்கவில்லை. ஒளித்துகளுக்கு ஓர் அலகு சுழற்சி உண்டு என்ற முடிவை இருவரும் 'நேச்சர்' இதழில் வெளியிட்டனர்.

ஒளி ஒரு பொருளைத் திருப்பும் விசையை நேரே அளந்து காட்டும் சோதனை 1936இல் அமெரிக்காவில் நிகழ்ந்தது. மெல்லிய இழையில் தொங்கிய படிகத்தட்டு, தன்னூடே சென்ற ஒளியினால் சிறிதளவு திரும்பியதை பெத் என்னும் அறிஞர் கண்டார்.