சிறுப்பிட்டியார் செய்த பணி

கோப்பாயிலிருந்து நீர்வேலி வழியாகப் புத்தூருக்கு வரும்போதெல்லாம் இடையேயுள்ள சிறுப்பிட்டியில் என் நெஞ்சு சற்றுத் தங்கும். சி. வை. தாமோதரம்பிள்ளை 1832 ஆம் ஆண்டு பிறந்த ஊர் அது.

ஏடு காத்த அப்பெரியாரைத் தமிழ் கற்பித்தே வாழ்ந்த பண்டிதரென்று என் மாணாக்கர் எண்ணுகின்றனர். அவர்தம் சீவனம் வேறு. வட்டுக்கோட்டைச் செமினரியிற் கற்று, கோப்பாயிற் சிலகாலம் ஆசிரியராயிருந்து, பின் சென்னை சென்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகளுள் ஒருவரானார். அரசாங்கக் கணக்கு அலுவலகத்தில் உழைத்தார். நடுவயதிற் சட்டம் பயின்று கும்பகோணத்தில் வழக்கறிஞரானார். புதுக்கோட்டையில் நீதிபதியாகவும் விளங்கினார். குடும்பத்தைப் பேணுங் கடன் இவ்வளவுக்கும் உடனிருந்தது. அவர் மைந்தர் அழகசுந்தரம், பின்னாளிற் பிரான்சிஸ் கிங்ஸ்பரி என அறியப்பட்டவர், தாமும் தமிழாசிரியரானார்.

உத்தியோகம் போக எஞ்சிய பொழுதிலேயே தாமோதரம்பிள்ளை ஏடு தேடினார். செல்லரித்தும் முறிந்தும் கிடந்த சுவடிகளை ஒன்றோடொன்று ஒப்புநோக்கினார். 1881 இல் வீரசோழியமும், 1885 இல் தொல்காப்பியப் பொருளதிகாரம் நச்சினார்க்கினியர் உரையுடனும், 1887 இல் கலித்தொகையும் அவரால் அச்சேறின. தேடிய பொருளையும் இப்பணிக்கே செலவிட்டார். 1901 சனவரி முதலாந் திகதி சென்னையிற் காலமானார்.

அவர் பிறர் கணக்கையும் வழக்கையும் பார்த்துக்கொண்டே தமிழைக் காத்தார். நானோ தமிழைக் கொண்டே சீவிப்பவன். என் பாட்டனார் விட்டுச்சென்ற ஏட்டுக் கட்டொன்று, நேரமில்லை என்ற சாட்டினால், பல்லாண்டாக என் பெட்டகத்தில் அவிழாமற் கிடக்கின்றது. சிறுப்பிட்டியைக் கடக்கும்போது அந்நினைவு வரும், நாணித் தலைகுனிவேன்.