பதிவேடுகளோடு மல்லுக்கட்டிய தாதி

மே 12ஆம் திகதி வந்தால் நம் ஊர் வைத்தியசாலைகளில் விளக்கேற்றுவார்கள். சர்வதேச தாதியர் தினம். புளோரன்ஸ் நைட்டிங்கேல் பிறந்த நாள். கையில் விளக்கோடு இருட்டில் நடந்துவரும் மெல்லிய பெண்ணின் படம் ஒன்று எங்காவது தொங்கும். பள்ளிக்கூடத்தில் நாம் எல்லோரும் படித்த கதை அவ்வளவுதான்.

நான் அவரிடம் வந்து சேர்ந்தது வேறு வழியால். என் பெரியம்மாவுக்கு ஒரு முதியோர் இல்லம் தேவைப்பட்டது. பிள்ளைகள் மூவரும் வெளிநாட்டில். கட்டுகஸ்தோட்டையிலிருந்து பேராதனை வரை, பிறகு அம்பிட்டிய, குண்டசாலைப் பக்கம் என்று நான்தான் அலைந்தேன். போன இடமெல்லாம் பதிவுச் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டியிருந்தார்கள். அந்தச் சான்றிதழ் இல்லம் பதிவு செய்யப்பட்டது என்பதைச் சொல்லும். போன வருடம் அங்கே எத்தனை பேர் விழுந்து இடுப்பெலும்பு முறிந்தார்கள், எத்தனை பேருக்குப் படுக்கைப் புண் வந்தது, இரவில் எத்தனை ஊழியர் விழித்திருக்கிறார்கள் என்பதைச் சொல்லாது.

அமெரிக்காவில் இருக்கும் மச்சான் தொலைபேசியில் கேட்டார்: அந்த இல்லத்துக்கு எத்தனை நட்சத்திரம்? அங்கே 2008 முதல் அரசாங்கமே ஒவ்வொரு பராமரிப்பு இல்லத்துக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை நட்சத்திரம் கொடுக்கிறது. திடீர்ச் சோதனையில் கண்ட குறைகளையும் ஊழியர் எண்ணிக்கையையும் யாரும் பார்க்கலாம். இங்கிலாந்தில் நான்கு படிநிலைகள். நம்மிடம் முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. தனியார் மருத்துவ நிலையங்களைப் பதியும் 2006ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. நட்சத்திரம் இல்லை.

நோயாளியைப் பராமரிக்கும் இடத்துக்கு மதிப்பெண் போடலாம் என்று முதலில் யாருக்குத் தோன்றியது என்று தேடத் தொடங்கினேன். அந்தத் தேடலில் விளக்கேந்திய அதே பெண்தான் எதிரே வந்தார். இந்த முறை கையில் கணக்குப் பட்டியல்.

1820இல் இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் பிறந்ததால் அந்தப் பெயர். குடும்பம் பெரும் பணக்கார ஆங்கிலக் குடும்பம். தகப்பனார் மகள்மார் இருவருக்கும் இலத்தீன், கிரேக்கம் என்று வீட்டிலேயே கற்பித்தார். புளோரன்ஸுக்குக் கணக்கில்தான் பித்து. இருபத்தைந்து வயதில் வைத்தியசாலையில் தாதித் தொழில் பழக வேண்டும் என்றபோது வீட்டில் பெரிய சண்டை. அக்காலத்து இங்கிலாந்தில் தாதி வேலை கௌரவமான வேலை அல்ல. எட்டு வருடம் இழுபறி. நடுவில் வந்த நல்ல சம்பந்தம் ஒன்றையும் தட்டிவிட்டார். 1851இல் ஜெர்மனியின் கைசர்ஸ்வெர்த்தில் மூன்று மாதம் பயிற்சி. அவர் முறையாகப் படித்த தாதியியல் ஏறக்குறைய அவ்வளவுதான்.

1853இல் கிடைத்த முதல் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. போர்க்களத்துக்குப் போக முன்பு அவர் நடத்தியது ஒரு சிறிய பராமரிப்பு இல்லம். இலண்டன் ஹார்லி வீதியில், வசதி இழந்த நடுத்தரப் பெண்கள் நோயுற்றால் தங்கும் வீடு. மேலே சீமாட்டிகளின் குழு ஒன்று. போனதும் மூன்று காரியங்களைக் கேட்டார்: ஒவ்வொரு மாடிக்கும் குழாயில் சுடுநீர் வர வேண்டும், சாப்பாட்டை மேலே இழுக்க ஒரு தூக்கி வேண்டும், நோயாளி மணி அடித்தால் எந்த அறை என்று காட்டும் மூடி வெளியே திறந்து, தாதி வந்து பார்க்கும்வரை திறந்தபடியே நிற்க வேண்டும். படிக்கட்டில் ஏறி இறங்கியே தாதியின் நாள் கழிந்தால் அவள் பராமரிக்க முடியாது என்பது அவர் கணக்கு. சமயம் பார்த்து ஆள் சேர்க்கக் குழு விரும்பியது. கத்தோலிக்கரும் யூதரும் தங்கள் குருமாரோடு வரலாம் என்று எழுத்தில் வாங்கிவிட்டுத்தான் தொடங்கினார். கண்டியில் நான் பார்த்த இல்லங்களில் பெரியம்மாவுக்கு வெள்ளிக்கிழமை சைவச் சாப்பாடு கிடைக்குமா என்று கேட்டபோதெல்லாம் அந்தக் குழு ஞாபகத்துக்கு வந்தது. சரக்கறையையும் செலவையும் எண்ணி மூன்று மாதத்துக்கு ஒரு முறை அறிக்கை கொடுத்தார்.

அடுத்த வருடமே கிரிமியப் போர். 1854 நவம்பரில் 38 பெண்களோடு துருக்கியின் ஸ்குட்டாரியில் இறங்கினார். விளக்கின் கதை அங்கேதான் பிறந்தது. கதை சொல்லாததைச் சொல்கிறேன். அவர் போன பிறகு அந்த வைத்தியசாலையில் சாவு குறையவில்லை, கூடியது. 1855 பெப்ரவரியில் அங்கே சேர்க்கப்பட்டவர்களில் நூற்றுக்கு 42.7 பேர் இறந்தார்கள். பெரும்பாலோர் காயத்தால் அல்ல. வயிற்றோட்டம், வாந்திபேதி, காய்ச்சல். கட்டடத்துக்குக் கீழே அடைபட்ட சாக்கடை. மார்ச்சில் இலண்டனிலிருந்து சுகாதார ஆணைக்குழு வந்து சாக்கடையைக் கழுவி, காற்று வர வழி செய்து, சுவருக்குச் சுண்ணாம்பு அடித்தது. ஜூனுக்குள் விகிதம் ஏறக்குறைய இரண்டுக்கு இறங்கியது. பத்திரிகைகள் புகழை விளக்குக்குக் கொடுத்தன.

போர் முடிந்து திரும்பியவர், பிறப்பு இறப்புப் பதிவகத்தின் புள்ளிவிபர நிபுணர் வில்லியம் பார் என்பவரோடு உட்கார்ந்து அந்தச் சாவுகளை எண்ணினார். ஸ்குட்டாரியில் இறந்தவர்களுக்கு மூன்று வேறு பதிவேடுகள் இருந்தன. மூன்றிலும் மூன்று தொகை. சாகிறவனைச் சரியாக எண்ணக்கூட ஆளில்லாத இடம் அது. எண்ணி முடித்தபோது தெரிந்தது, போர்முனைக்கு அருகே இருந்த சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளை விடத் தான் பெயர் பெற்ற ஸ்குட்டாரியிலேயே ஆள் அதிகம் செத்திருக்கிறது என்பது. 1857இல் அவர் உடைந்து படுக்கையில் விழுந்ததற்கு இந்த உண்மைதான் காரணம் என்று ஹியூ ஸ்மோல் என்ற ஆய்வாளர் எழுதியிருக்கிறார். மால்டா காய்ச்சல் எனப்படும் நோய்தான் காரணம் என்பாரும் உண்டு. எதுவானாலும், அவர் அந்தக் கணக்கை மறைக்கவில்லை. 1858இல் வண்ண வட்டப்படங்களாக வரைந்து அமைச்சர்களுக்கு அனுப்பினார். புள்ளிவிபரச் சங்கம் அதே வருடம் அவரைத் தன் முதல் பெண் உறுப்பினராக எடுத்துக்கொண்டது.

பிறகு இராணுவத்தை விட்டுப் பொது வைத்தியசாலைகள் பக்கம் திரும்பினார். எல்லா ஆஸ்பத்திரிகளும் ஒரே மாதிரிப் படிவத்தில் வயது, பால், நோய், தங்கிய நாள், முடிவு என்று எழுதினால் ஒன்றோடொன்றை ஒப்பிடலாம் என்று 1860இல் இலண்டனில் கூடிய சர்வதேசப் புள்ளிவிபர மாநாட்டுக்கு முன் வைத்தார். சில ஆஸ்பத்திரிகள் கொஞ்சக் காலம் முயன்றன. படிவம் சிக்கலாக இருந்ததால் விட்டுவிட்டன.

1863இல் வந்த அவருடைய வைத்தியசாலைக் குறிப்புகள் நூலின் மூன்றாம் பதிப்பு பெரிய சண்டையைக் கிளப்பியது. பார் தயாரித்த அட்டவணை ஒன்றை அதில் போட்டார்: இலண்டனின் 24 வைத்தியசாலைகளில் மரண வீதம் நூற்றுக்கு 90.84. வைத்தியர்கள் கொதித்தெழுந்தார்கள். காரணம் எளிது. வருடம் முழுவதும் இறந்தவர்களை, ஒரு குறிப்பிட்ட நாளில் கட்டிலில் இருந்தவர்களின் தொகையால் வகுத்திருந்தார்கள். நூறு கட்டில் உள்ள ஆஸ்பத்திரிக்கு வருடத்தில் 1500 பேர் வந்து 90 பேர் இறந்தால், கட்டில் கணக்கில் அது 90 வீதம்; வந்தவர் கணக்கில் 6 வீதம். ஆஸ்பத்திரி ஒன்றுதான்.

இன்னொரு வாதமும் எழுந்தது, அது இன்றைக்கும் நம்மைக் கடிக்கும். கம்பளையிலோ தெல்தெனியவிலோ கைமீறிப்போன நோயாளியை அம்புலன்ஸில் கண்டிக்கு அனுப்புகிறார்கள். அவர் கண்டியில் இறந்தால் சாவு கண்டிப் பெரியாஸ்பத்திரியின் கணக்கு. வெறும் தொகையைப் பார்க்கிறவருக்குக் கண்டி மோசம், சிறிய ஆஸ்பத்திரி நல்லது. முதியோர் இல்லத்திலும் இதேதான்: சாகக் கிடப்பவரைக் கடைசி நேரத்தில் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிவிடும் இல்லத்தில் யாரும் சாவதில்லை. எதிராளிகளின் வாதத்தில் நியாயம் இருந்தது என்றுதான் நான் நினைக்கிறேன். ஆனால் வயதும் நோயும் பிரித்து எழுதிய படிவம் வேண்டும் என்று கேட்டவரும் அவரேதான். படிவத்தைக் கைவிட்டது ஆஸ்பத்திரிகள்.

அதே 1863இல் வந்த இன்னொரு அறிக்கை நமக்கு நெருக்கமானது. குடியேற்ற நாடுகளின் சுதேசப் பாடசாலைகளிலும் வைத்தியசாலைகளிலும் சுகாதாரம் எப்படி என்று அறியக் குடியேற்ற அமைச்சின் வழியாகப் படிவங்களை அனுப்பினார். பதில் அனுப்பிய நாடுகளில் இலங்கையும் ஒன்று. வந்த விபரங்கள் பல ஓட்டையும் ஒடிசலுமாக இருந்தன, அதையும் எழுதினார். பேரரசு என்ற ஏற்பாட்டையே அவர் கேள்வி கேட்கவில்லை, அதைத் திருத்தத்தான் பார்த்தார். அந்தப் படிவத்துக்குள் வராதவர்களும் இருந்தார்கள். மன்னாரில் இறங்கி தம்புள்ளை, மாத்தளை வழியாகக் கண்டிக் கோப்பித் தோட்டங்களுக்கு நடந்து வந்த நம் பாட்டன் பூட்டன்மாரில் வழியிலேயே விழுந்தவர்கள் எந்த ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் இறக்கவில்லை. தோட்டத் தொழிலாளருக்கு வைத்திய வசதி பற்றிய சட்டம் இங்கே 1872இல்தான் வந்தது.

முதியோர் இல்லத்துக்கு மிகக் கிட்டிய அவருடைய வேலை வேறு. அக்கால இங்கிலாந்தில் ஏழைக் கிழவர்களும் தீரா நோயாளரும் போய்ச் சேரும் இடம் அரசாங்க ஏழையர் விடுதி. நோயாளியை நோயாளியே பார்த்துக்கொள்ள வேண்டும். 1864 டிசம்பரில் திமொத்தி டேலி என்ற தொழிலாளி, ஹோல்பர்ன் விடுதியில் கவனிப்பில்லாமல் நலிந்து, பின்னர் இறந்தது பத்திரிகைகளில் அடிபட்டது. நைட்டிங்கேல் அந்தச் சூட்டிலேயே அமைச்சருக்கு எழுதி, இலண்டனின் எல்லா விடுதிகளுக்கும் அனுப்பக் கேள்விப் படிவம் தயாரித்தார். 1865இல் லிவர்பூல் விடுதிக்கு அக்னஸ் ஜோன்ஸ் என்ற தாதியையும் பயிற்சி பெற்ற பன்னிருவரையும் அனுப்பினார். 1867இல் இலண்டன் ஏழை நோயாளருக்குத் தனி மருத்துவமனைகள் அமைக்கும் சட்டம் வந்தது. அவர் கேட்டதில் பாதிதான் அதில் இருந்தது. மறு வருடம் அக்னஸ் ஜோன்ஸ் அதே விடுதியில் தொற்றுக் காய்ச்சலில் இறந்தார். வயது 35.

சொந்த நிதியில் நடந்த இடத்தையும் அவர் விடவில்லை. கிங்ஸ் கொலேஜ் வைத்தியசாலையில் அவருடைய நிதியத்தால் நடந்த மகப்பேற்று விடுதியில் ஆயிரத்துக்கு முப்பதுக்கு மேல் தாய்மார் இறந்தார்கள். 1867இல் அது மூடப்பட்டது. வீட்டிலே பிள்ளை பெறுவோரை விட ஆஸ்பத்திரியில் பெறுவோர் ஏன் அதிகம் சாகிறார்கள் என்று 1871இல் புத்தகமே எழுதினார்.

ஆனால் பதிவேட்டின் பலவீனத்தை அவருக்குக் கற்பித்தது வேறொரு இடம். 1860இல் சென் தோமஸ் வைத்தியசாலையில் அவர் பெயரில் தொடங்கிய தாதியர் பாடசாலை. மாணவியர் ஒவ்வொருவருக்கும் மாதாந்தப் படிவம்: நேரம் தவறாமை, சுத்தம், நம்பகம், கட்டுப் போடும் திறமை என்று நிரல் நிரலாக மதிப்பு. படிவங்கள் அழகாக நிரம்பி வந்தன. நோயால் வீட்டோடு முடங்கியிருந்த அவர், பத்து வருடத்துக்கு மேல் அந்தத் தாள்களை நம்பினார். 1871-72 அளவில் மாணவியரை நேரில் அழைத்துப் பேசத் தொடங்கியபோதுதான், விரிவுரைகள் ஒழுங்காக நடக்கவே இல்லை என்பதும் மதிப்பெண்கள் மேற்பார்வையாளரின் விருப்பு வெறுப்பு என்பதும் தெரிந்தன. அதன் பிறகு ஒவ்வொருவரையும் வீட்டுக்கு அழைத்து, தேநீர் கொடுத்து, பேச விட்டு, தானே குறிப்பெடுத்தார்.

அமெரிக்க நட்சத்திரங்களுக்கும் இதே கதி வந்தது. ஊழியர் எத்தனை பேர் என்பதை இல்லங்களே நிரப்பி அனுப்பியதால் நட்சத்திரம் பெருகிக்கொண்டே போனது. 2014இல் நியூயோர்க் டைம்ஸ் அதைத் தோண்டியது. பிறகு சம்பளப் பட்டியலிலிருந்து எண்ணிக்கை எடுக்கத் தொடங்கினார்கள்.

தாதியருக்கு அரசாங்கப் பதிவு வேண்டும் என்று 1880களில் இயக்கம் எழுந்தபோது நைட்டிங்கேல் எதிர்த்தார். ஒரு நாள் பெயரில் ஏறியவள் இன்றைக்கும் நல்ல தாதியா என்பதைப் பட்டியல் சொல்லாது என்றார். சுவரில் மாட்டிய சான்றிதழ்களைப் பார்த்தபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனாலும் இதில் அவர் பக்கம் நிற்க என்னால் முடியவில்லை. பதிவு இல்லாவிட்டால் யார் வீட்டுக் கதவையும் தட்டிக் கேட்க அதிகாரிக்கு உரிமை இராது. இங்கிலாந்தில் பதிவு 1919இல் வந்தது, அவர் இறந்து ஒன்பது வருடம் கழித்து.

ஓர் இல்லத்தில் அதிகாரிகள் வந்துபோன குறிப்பேட்டைக் கேட்டேன். தயக்கத்தோடு காட்டினார்கள். சிங்களத்தில் ஒரே வரி, திருப்தி. இன்னொன்றில் காட்டவே இல்லை. அதற்குப் பிறகு நான் மாலை ஏழு மணிக்குச் சொல்லாமல் போகத் தொடங்கினேன். இரவு முறைக்கு எத்தனை பேர், அதில் தமிழ் பேசுவோர் யார், இங்கே மிக நீண்ட காலம் வேலை செய்பவர் எத்தனை வருடம், மணி அடித்தால் யார் வருவார். கடைசிக் கேள்விக்கு, மணி எதற்கு, கூப்பிட்டால் கேட்கும் என்றார் ஒருவர். மூன்றாம் மாடியில் கட்டில்கள் இருந்தன.

பெரியம்மா இப்போது இருக்கும் இடத்தில் தூக்கி இல்லை, ஆனால் எல்லோரும் கீழ்த்தளத்தில்.

நைட்டிங்கேலின் கடைசி வருடங்களில் பார்வை முற்றாகப் போய்விட்டது. வாழ்நாள் முழுவதும் எண்களைப் பார்த்தவருக்கு மற்றவர் வாசித்துக் காட்ட வேண்டியதாயிற்று. இலண்டன் சவுத் வீதி வீட்டில் தாதியர் அவரைப் பராமரித்தார்கள். 1907இல் மன்னரின் உயர் விருது அந்த வீட்டுக்கே கொண்டுவந்து கொடுக்கப்பட்டது. 1910 ஓகஸ்ட் 13ஆம் திகதி, 90 வயதில் தூக்கத்தில் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் மடாலயத்தில் அடக்கம் செய்யக் கேட்டபோது குடும்பம் மறுத்துவிட்டது. ஹாம்ஷயரில் கிராமத்துத் தேவாலயம் ஒன்றில் குடும்பக் கல்லறை இருக்கிறது. அதில் அவருக்குப் பெயர்கூட முழுதாக இல்லை. இரண்டு எழுத்தும், பிறப்பும் இறப்பும் மட்டும்.