பெயரின் மறுபாதி

அம்பத்தூர் தொழிற்பேட்டைக்கு அருகே நான் வசிக்கும் தெருவில் ஒரு குடும்பம் இருக்கிறது. தாய், ஆயத்த ஆடை நிறுவனம் ஒன்றில் தையல் பிரிவில் பணியாற்றுகிறார். மகன் 8-ஆம் வகுப்பு மாணவன். நன்றாகப் படிப்பவன்; ஆனால், சிறு வயதிலிருந்தே திக்கிப் பேசுபவன். அண்மையில் ஒரு நாள், அவன் ஒரு வாரமாகப் பள்ளிக்குச் செல்ல மறுப்பதாக அந்தத் தாய் என்னிடம் வந்து கூறினார்.

காரணத்தைச் சொல்ல அவன் முதலில் மறுத்துவிட்டான். பின்னர் தாளில் எழுதிக் காட்டினான். வரலாற்றுப் பாடத்தில் பாளையக்காரர்களின் கிளர்ச்சி நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொருவராக எழுந்து உரக்கப் படிக்க வேண்டும். இவன் முறை வந்தபோது பாஞ்சாலங்குறிச்சி என்ற சொல்லின் முதல் எழுத்திலேயே நாக்கு நின்றுவிட்டது. அடுத்த பத்தியில் ஊமைத்துரையின் பெயர் வந்தது. பின் வரிசையிலிருந்து ஒரு மாணவன் அந்தப் பெயரை இவனைப் பார்த்து உரக்கச் சொன்னான். வகுப்பே சிரித்தது. ஆசிரியரும் புன்னகையுடன் பாடத்தைத் தொடர்ந்தார். அன்றுமுதல் இவனுக்குப் பள்ளியில் அதுவே பெயராயிற்று.

நான் பொருளாதாரம் கற்பித்தவன்; வரலாற்று ஆசிரியனும் அல்லன், பேச்சுப் பயிற்சியாளனும் அல்லன். எனினும், ஒரு சிறுவனைப் பள்ளியைவிட்டு விரட்டிய அந்தப் பெயருக்கு உரியவர் யார் என்பதை அவனுக்கு முழுமையாகச் சொல்ல வேண்டும் என்று தோன்றியது. அவனுடைய வகுப்புத் தோழர்களுக்கு அது தெரிந்திருந்தால், கேலிக்கு அந்தப் பெயரைத் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள்.

வீரபாண்டிய கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை. குமாரசாமி என்பது அவருடைய இயற்பெயர் என்பர். அவர் காது கேளாதவர், வாய் பேசாதவர் என்று, அவரை எதிர்த்துப் போரிட்ட ஆங்கிலேயப் படை அதிகாரி ஜேம்ஸ் வெல்ஷ் எழுதிவைத்திருக்கிறார். சரளமாகப் பேச வராதவர் என்று மட்டும் சொல்வோரும் உண்டு. எப்படியாயினும், அவருடைய குறையே அவருக்குப் பெயரானது. ஆங்கிலேயரும் தங்கள் மொழியில் அதே பொருள்பட அவரை அழைத்தனர். செவித்திறனோ பேச்சுத்திறனோ இல்லாத குழந்தைக்குக் கல்வி என்ற எண்ணமே நம் நாட்டில் தோன்றாத காலம் அது.

1799-இல் கும்பினிப் படை பாஞ்சாலங்குறிச்சியைத் தாக்கியது. கோட்டையைவிட்டு வெளியேறிய கட்டபொம்மன் பின்னர் பிடிபட்டு, அக்டோபர் 16-ஆம் தேதி கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டார். கோட்டை இடித்துத் தரைமட்டமாக்கப்பட்டது. ஊமைத்துரை உள்ளிட்ட உறவினர்கள் பாளையங்கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டனர். தலைவன் இறந்தான், தம்பியோ பேச இயலாதவர், இனி அந்தப் பாளையத்தால் தொல்லையில்லை என்று கும்பினியார் எண்ணியிருக்கக் கூடும்.

ஏறத்தாழ 15 மாதங்கள் கழிந்தன. 1801 பிப்ரவரி 2-ஆம் தேதி மாலை, ஆங்கிலேய அதிகாரிகள் விருந்தில் கூடியிருந்த வேளையில், சிறைக் காவலர்களை மடக்கிவிட்டு ஊமைத்துரையும் மற்றவர்களும் தப்பினர். அன்றிரவே ஏறத்தாழ 30 மைல் கடந்து பாஞ்சாலங்குறிச்சியை அடைந்தனர். ஆயிரக்கணக்கானோர் அங்கே திரண்டனர். ஒரு வாரத்துக்குள், மேஜர் மெக்காலே தம் படையுடன் வந்து பார்த்தபோது, இடிக்கப்பட்ட கோட்டை மண்சுவர்களுடன் மீண்டும் எழுந்து நின்றது. மார்ச் 31-இல் அந்தச் சுவர்களைத் தகர்க்க முயன்ற கும்பினிப் படை, பேரிழப்புடன் பின்வாங்கியது.

பேச இயலாத ஒருவர் இத்தனை பேரை எவ்வாறு வழிநடத்தினார்? 1830-இல் வெளியான வெல்ஷின் நினைவுக் குறிப்புகளில் இதற்கு விடை கிடைக்கிறது. எதிரி முகாமைச் சேர்ந்தவர் எழுதியது என்பதால் அதற்கு மதிப்பு அதிகம். ஊமைத்துரை உயரமான, மெலிந்த, நோயாளி போன்ற தோற்றமுடைய இளைஞர். எனினும், பாளையங்கள் முழுவதும் மக்கள் அவரைத் தெய்வமாகப் போற்றினர். அவருடைய சிறு சைகையும் கட்டளையாகக் கொள்ளப்பட்டது. அவர் தலைமையில்லாமல் எந்த ஆலோசனையும் நடைபெறவில்லை.

அவர் போர்த் திட்டத்தை விளக்கும் முறையையும் வெல்ஷ் விவரிக்கிறார். சிறு வைக்கோல் துண்டுகளைப் பொறுக்கி இடது உள்ளங்கையில் அடுக்கி வைப்பார்; அவை ஆங்கிலேயப் படை. எப்போது, எப்படித் தாக்குவது என்பதைச் சைகைகளால் உணர்த்துவார். பின்னர் வாயால் ஓர் ஒலி எழுப்பியவாறே மறு கையால் அந்தத் துண்டுகளை ஒரே வீச்சில் தள்ளிவிடுவார். தாக்குதலுக்கான கட்டளை அதுவே. அவ்வாறு தாக்கும்போது பெரும்பாலும் முதல் ஆளாக நின்றவரும் அவரே.

இந்தக் காட்சியில் ஊமைத்துரையின் அறிவுக்கூர்மையை மட்டும் பார்த்தால் பாதியைத்தான் பார்த்தவர்கள் ஆவோம். அவரைச் சுற்றி நின்றவர்களையும் பார்க்க வேண்டும். அந்தச் சைகைகளைப் புரிந்துகொள்ள அவர்கள் பழகியிருந்தார்கள். அவருக்குப் பேச்சு வரும்வரை தலைமையைத் தள்ளிவைக்கவில்லை. அவருடைய கைமொழியைத் தாங்கள் கற்றுக்கொண்டார்கள். மாற வேண்டியது அவரல்லர், கேட்கும் நாமே என்று அந்த உழவர்களும் போர்வீரர்களும் யாரும் சொல்லித்தராமலேயே உணர்ந்திருந்தார்கள்.

மே மாதம் கர்னல் அக்னியூ தலைமையில் பெரும்படை வந்தது. 24-ஆம் தேதி கோட்டை வீழ்ந்தது. தப்பிச் சென்றவர்களைக் குதிரைப்படை துரத்தியது. படுகாயமுற்ற ஊமைத்துரை, களத்தில் பிணங்களுக்கிடையே கிடந்தார். அதன்பின் நடந்ததை, வெல்ஷ் பிற்பாடு அப்பகுதி மக்களிடம் கேட்டறிந்து எழுதியிருக்கிறார்.

அருகிலிருந்த சிற்றூரின் பெண்கள் தங்கள் உறவினர்களைத் தேடிக் களத்துக்கு வந்தனர். ஒரு தாய் தன் மகனைக் கண்டாள். அவனிடம் உயிர் இன்னும் ஊசலாடிக்கொண்டிருந்தது. அவள் தூக்க முயன்றபோது, தன்னை விட்டுவிட்டு அருகே காயத்துடன் கிடக்கும் தலைவரைக் காப்பாற்றுமாறு அவன் வேண்டினான். அந்தத் தாய், பிற பெண்களின் துணையுடன் ஊமைத்துரையைத் தன் வீட்டுக்குக் கொண்டு சென்றாள். கும்பினிக்குத் துணை நின்ற எட்டயபுரத்துப் படையினர் தேடி வந்தபோது, பெண்கள் அவரை வெண்துணியால் மூடி, சுற்றி அமர்ந்து ஒப்பாரி வைத்தனர். அம்மை நோயில் இறந்தவன் என்றனர். வந்தவர்கள் அஞ்சித் திரும்பினர்.

நோய் கண்டவரிடமிருந்து மனிதர்கள் விலகி ஓடுவதை நாம் அறிவோம். அந்த அச்சத்தையே கேடயமாக்கி ஓர் உயிரை அந்தப் பெண்கள் காத்தனர். 

உயிர் பிழைத்த ஊமைத்துரை, மருது சகோதரர்களிடம் சென்று சேர்ந்தார். அவரை ஒப்படைக்குமாறு கும்பினி கேட்டது. சின்ன மருது மறுத்தார். அடைக்கலம் கொடுத்ததற்கான விலையைச் சிவகங்கைச் சீமை செலுத்தியது. அக்டோபர் 1-ஆம் தேதி காளையார்கோவில் வீழ்ந்தது. அக்டோபர் 24-இல் மருது சகோதரர்கள் திருப்பத்தூரில் தூக்கிலிடப்பட்டனர். பிடிபட்ட ஊமைத்துரைக்கு, 1801 நவம்பர் 16-இல் பாஞ்சாலங்குறிச்சியில் மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. கோட்டை மீண்டும் அழிக்கப்பட்டது. 1974-இல் தமிழ்நாடு அரசு அங்கு நினைவுக் கோட்டை எழுப்பியது. அவர் சிறையிருந்த பாளையங்கோட்டையில், 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில், செவித்திறன் குறைந்த குழந்தைகளுக்கான பள்ளியை ஃபுளோரன்ஸ் ஸ்வைன்சன் என்ற பெண்மணி தொடங்கினார்.

அந்தச் சிறுவனிடம் இந்த வரலாற்றைச் சொன்னபோது, அவன் ஒரு கேள்வியைத் தாளில் எழுதினான். அவ்வளவு பெரிய வீரரின் பெயரால் அழைக்கப்படுவதற்குத் தான் ஏன் அழ வேண்டும் என்று கேட்கிறேனா என்பது அவன் ஐயம். நியாயமான ஐயம். குறையைச் சுட்டும் சொல்லை எவரும் எவர்மீதும் எறியலாம் என்பதற்கு இந்த வரலாறு சான்று அல்ல. ஊமைத்துரை என்ற பெயரில் இரு பாதிகள் உள்ளன. முற்பாதி, உடலின் குறையைச் சொல்வது. பிற்பாதி, அவரை நேசித்த மக்கள் அளித்த மதிப்பு. நம் வகுப்பறைகளில் குழந்தைகளுக்கு முற்பாதி மட்டுமே கிடைக்கிறது. திக்குவாயன், சோடாபுட்டி, நொண்டி, குண்டன் என்று நாள்தோறும் கிடைக்கிறது. இத்தகைய குழந்தை வீரனாகித்தான் மதிப்பைப் பெற வேண்டும் என்பதும் இல்லை. சாதாரண மாணவனாக, சிரிக்கப்படாமல் ஒரு பத்தியைப் படித்து முடிக்கும் உரிமை அவனுக்குப் பிறப்பிலேயே உண்டு.

பொருளாதாரத்தில் ஒரு பாடம் நடத்துவோம். ஆலை தன் கழிவை ஆற்றில் விட்டால், அதன் செலவை ஆலை ஏற்பதில்லை. ஆற்றங்கரையில் வாழ்பவர்கள் ஏற்கிறார்கள். வகுப்பறைச் சிரிப்பும் அப்படித்தான். சிரிப்பவர்களுக்கு அது ஒரு நிமிட மகிழ்ச்சி. அதன் செலவு முழுவதும் ஒரே ஒரு குழந்தையின் கணக்கில் எழுதப்படுகிறது. கை தூக்காத வகுப்புகள், தவிர்த்த போட்டிகள், விட்ட பள்ளி நாள்கள் என அது பல ஆண்டுகள் வளரும். செலவை உண்டாக்கியவர்களே அதை ஏற்குமாறு செய்வதுதான் தீர்வு. அதாவது, திருத்தப்பட வேண்டியது வகுப்பின் பழக்கம்.

திக்கிப் பேசுதல் அறிவுக் குறைவோ, வளர்ப்புக் குறைபாடோ அன்று. குழந்தைகளில் ஏறத்தாழ நூற்றுக்கு ஐவருக்கு ஏதேனும் ஒரு பருவத்தில் இது தோன்றுகிறது, பெரும்பாலோர் மீண்டுவிடுகின்றனர், நூற்றில் ஒருவருக்கு வளர்ந்த பின்னும் நீடிக்கிறது. பேச்சுப் பயிற்சியாளரை எவ்வளவு விரைவில் அணுகுகிறோமோ அவ்வளவு நல்லது. வீட்டிலும் பள்ளியிலும் செய்ய வேண்டியவை எளியவை. அவன் சொல்லை நாம் முடித்துவைக்கக் கூடாது. மெதுவாகப் பேசு, மூச்சை இழுத்து விடு என்று இடையில் அறிவுரை கூறக் கூடாது. முகத்தைப் பார்த்து, அவன் முடிக்கும்வரை காத்திருக்க வேண்டும். உரக்கப் படிப்பதில் தனியாகவா, இன்னொருவனுடன் சேர்ந்தா, எப்போது என்பதை அவனிடமே தனியாகக் கேட்டு முடிவு செய்யலாம். சேர்ந்து படிக்கும்போது திக்கல் பெரிதும் குறைவதை எவரும் காணலாம்.

கேலியைப் பொறுத்தவரை, கண்டுகொள்ளாதே என்று குழந்தையிடம் சொல்வது அவனைத் தனியே விட்டுவிடுவதற்குச் சமம். என்று, எங்கே, யார், என்ன சொன்னார்கள் என்பதைப் பெற்றோர் குறித்துவைத்துக்கொண்டு வகுப்பாசிரியரைச் சந்திக்க வேண்டும். பயனில்லையெனில் தலைமையாசிரியர், பின்னர் பள்ளி மேலாண்மைக் குழு. பள்ளிக் கல்வித் துறையின் 14417 எண்ணும், குழந்தைகள் உதவி மையத்தின் 1098 எண்ணும் இதற்காகவே உள்ளன. குழந்தையை மனரீதியாகத் துன்புறுத்துவதை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடை செய்கிறது. கேலி செய்த மாணவனையும் அவமானப்படுத்தித் திருத்த முடியாது. அவனும் நம் குழந்தையே. பெரியவர்களின் புன்னகையைத்தான் அவன் அனுமதியாகக் கொண்டான்.

அந்தத் தாயுடன் நானும் பள்ளிக்குச் சென்றேன். ஆசிரியர் நாங்கள் கூறியதைப் பொறுமையாகக் கேட்டார். தாம் புன்னகைத்ததை அவர் மறந்தே போயிருந்தார்; நினைவூட்டியபோது வருந்தினார். மறுவாரம் அதே பாடத்தை, வைக்கோல் துண்டுகளையும், மகனை இழந்த அந்தத் தாயையும் சேர்த்து, மீண்டும் நடத்தினார். நடத்தும்போது எங்கள் சிறுவனின் பக்கம் அவர் ஒருமுறையும் திரும்பவில்லை என்று பின்னர் அறிந்தேன். அந்தக் கவனத்தை நான் பெரிதாக மதிக்கிறேன்.

சிறுவன் இப்போது பள்ளிக்குச் செல்கிறான். திக்கல் நீங்கவில்லை, நீங்கிவிடும் என்று எவரும் வாக்குறுதி அளிக்கவும் இல்லை. வாரம் ஒருமுறை பேச்சுப் பயிற்சிக்குச் செல்கிறான். பாஞ்சாலங்குறிச்சி என்று சொல்ல இன்னமும் அவனுக்குச் சில நொடிகள் கூடுதலாகத் தேவைப்படுகின்றன. பாஞ்சாலங்குறிச்சியின் எளிய மக்கள் 1801-இல் தம் தலைவருக்கு அளித்த பொறுமையில், அந்தச் சில நொடிகளையேனும் நம் வகுப்பறைகள் நம் குழந்தைகளுக்கு அளிக்க வேண்டும்.